வாக்கியம் முடிகிற இடம்

போன வருடம் ஒரு வேலை வந்தது. ஒரு வேலைத்தளத்தில் நடந்த பிரச்சினை பற்றி அங்கே வேலை செய்கிற ஒருவர் சிங்களத்தில் கொடுத்த வாக்குமூலம். அவர் பேசியதைப் பேசியபடியே எழுத்தில் இறக்கியிருந்தார்கள். பத்துப் பக்கம். அதைத் தமிழில் கொடுக்க வேண்டும். கொழும்பில் மொழிபெயர்ப்பை நம்பிச் சீவிக்கிறவர்களுக்கு இது வழக்கமான வேலைதான். இரண்டு நாளில் முடித்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் சரிபார்க்கிறவர் அழைத்தார். "மனேஜரை அவர் எண்டு போட்டிருக்கிறீங்கள். கிளீனிங் செய்யுற ஆளை அவள் எண்டு போட்டிருக்கிறீங்கள். சிங்களத்தில ரெண்டு பேருக்கும் எயா எண்டுதானே இருக்கு?"

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். பேச்சுச் சிங்களத்தில் எயா என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்காது. எயா ஆவா என்றால் வந்தான், வந்தாள், வந்தார் எல்லாமே அதற்குள் அடக்கம். வாக்குமூலம் கொடுத்தவர் பத்துப் பக்கத்திலும் முகாமையாளரையும் எயா என்றார், துப்புரவு வேலை செய்பவரையும் எயா என்றார். இரண்டு பேருக்கும் அவர் ஒரே அளவைத்தான் வைத்திருந்தார். கூட்டிக் குறைத்தது நான். அப்படிச் செய்யும்படி யாரும் கேட்கவில்லை, நானும் யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் எழுதியிருந்தது.

அந்த முகாமையாளர் ஒரு பெண் என்பது பிறகு தெரிந்தது. "அவர்" என்று எழுதியிருந்ததால் எழுத்தில் பிழை இல்லை. ஆனால் வேலை செய்த இரண்டு நாளும் என் மனதில் நடமாடியது நீளக்கைச் சட்டை போட்ட ஓர் ஆண். துப்புரவு வேலை செய்தவர் பெண்தான். ஏறக்குறைய என் அம்மாவின் வயது. நேரில் கண்டிருந்தால் அக்கா என்றோ அம்மா என்றோதான் கூப்பிட்டிருப்பேன். காகிதத்தில் அவரை "அவள்" ஆக்கிவிட்டேன்.

திருத்த உட்கார்ந்தேன். அவள் என்பதை அவர் என்று மாற்றக் கணினிக்கு ஒரு நொடி போதும். தமிழுக்கு அது போதாதே. சொன்னாள், எடுத்தாள், வைத்தாள், அழுதாள் என்று ஒவ்வொரு வினைமுற்றாகத் தேடிப்போக வேண்டியிருந்தது. "கூட்டிக்கொண்டிருந்தாள்" என்ற இடத்தில் ள் ஐ அழித்து ர் போட்டேன். அதே ஆள், கையில் அதே தும்புத்தடி. ஆனால் அந்த வரியைத் திரும்பப் படித்தபோது அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வாக்கியம் முடிகிற இடத்தில் என் கண் நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றியதுதான்.

தமிழில் ஓர் ஆளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் அந்த ஆள் ஆணா பெண்ணா, நமக்கு மேலா கீழா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. இவற்றில் ஒன்றை எடுக்காமல் வாயை மூட முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை இதைச் செய்கிறோம்! உயர்திணை என்பது மக்களைச் சுட்டுவது, மற்றதெல்லாம் அஃறிணை என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் தொடங்குகிறது. எழுத்துத் தமிழில் "அவர்" என்ற சொல் ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. பாடசாலையில் அப்படித்தான் படித்தோம், அதை நினைத்துப் பெருமையும் பட்டோம்.

நம்முடைய வீட்டுப் பேச்சில் அது பொது இல்லை. யாழ்ப்பாணத்தில் வேர் உள்ள எந்தக் கொழும்பு வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். "டொக்டர் வந்திட்டாரோ?" என்றால் ஆண் டொக்டர். பெண் என்றால் "டொக்டர் வந்திட்டாவோ?" அவருக்குச் சோடி "அவ". "அவ"விலும் மரியாதை இருக்கிறது, குறைவாகச் சொல்ல மாட்டேன், எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஆனால் வாய் இப்படிப் பழகிவிட்டதால், பத்திரிகையில் "வைத்தியர் கூறினார்", "அதிபர் கூறினார்" என்று படிக்கும்போது கண்ணுக்குள் ஓர் ஆண்தான் எழும்பி வருகிறார். பெண் வரவேண்டுமென்றால் "பெண் வைத்தியர்" என்று முன்னால் ஒரு சொல் ஒட்டவேண்டியிருக்கிறது. ஆண் வைத்தியர் என்று யாரும் எழுதுவதில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் இதையே வேறு விதமாகக் கேட்கலாம். ஆண் டொக்டர் "டொக்டர்", இல்லாவிட்டால் "சேர்". பெண் டொக்டர் எத்தனை பட்டம் வாங்கினாலும் "மிஸ்".

சிங்களத்தின் எயாவைப் புகழ்ந்துவிட்டு அப்படியே விட்டால் அது உண்மை ஆகாது. பேச்சில் ஆண் பெண் பிரிக்காத அந்த மொழியிலேயே ஒரு பெண்ணைக் கீழிறக்க ஏக்கி என்ற சொல் தயாராக இருக்கிறது. காலி வீதியில் பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையில் ஓடுகிற 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு தடவை ஏறினாலே போதும். நடத்துனர் ஒரே மூச்சில் நங்கி, அக்கே, மிஸ், அம்மே என்று ஒவ்வொரு பெண்ணையும் வயது பார்த்து, உடுப்புப் பார்த்து, கலியாணம் முடித்த முகமா என்று பார்த்து அடுக்கி உள்ளே தள்ளுவார்.

அந்த பஸ்ஸில் எங்களுக்கு நடப்பதற்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு. சேட்டை. "பஸ்ஸில ஒருத்தன் சேட்டை விட்டவன்" என்று எனக்குப் பதினான்கு வயதில் அம்மாவிடம் சொன்னேன். அதே அம்மா என் தம்பி கதிரையில் ஏறி நின்று குதித்தால் "சேட்டை விடாதை, இறங்கு" என்பார். ஒரே சொல். சின்னப் பிள்ளையின் குறும்பும் முன்பின் தெரியாத ஒருவன் என் உடம்பில் கை வைத்ததும் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரே டப்பாவுக்குள் கிடந்தன. குறும்புக்கு என்ன பதில்? பொறுத்துக்கொள், விலகி நில், இனிமேல் அந்த நேரத்து பஸ்ஸில் போகாதே. அம்மா அதைத்தான் சொன்னார். அவரிடம் இருந்த சொல் அவ்வளவு தூரத்துக்குத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அம்மா என்னை நம்பவில்லை என்று சில வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பினார். ஆனால் நடந்தது எவ்வளவு பெரியது என்று சொல்லிக்கொள்ள அவரிடமும் வேறு சொல் இருக்கவில்லை.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் எடுத்த ஆய்வில், இலங்கையின் பொதுப் போக்குவரத்தில் 90 வீதமான பெண்கள் பாலியல் தொந்தரவை அனுபவித்திருப்பதாகத் தெரிந்தது. பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் கிடக்கிற பெண்களில் எத்தனை பேரின் வீட்டில் அதைச் சேட்டை என்றோ பகிடி என்றோ சொல்லிப் பழகியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

சட்டத்துக்கு அப்போதே வேறு சொல் கிடைத்திருந்தது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவைக் குற்றமாக எழுதியது. வீட்டில் சேட்டையாக இருந்தது சட்டத்தில் குற்றமாக நின்றது. அதே திருத்தம் இன்னொரு சொல்லையும் மாற்றியது. ஒருபாலுறவைத் தண்டிக்கிற 365அ பிரிவு 1883 இல் இருந்து "ஆண்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1995 இல் அது "ஆள்" ஆனது. பால் வேறுபாடு இல்லாத, பொதுவான, இன்றைய எழுத்துப் பாணியில் பார்த்தால் நல்ல சொல். அந்த நல்ல சொல்லால், அதுவரை சட்டத்தின் கண்ணில் படாதிருந்த பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். 2023 இல் இந்தப் பிரிவுகளைத் திருத்த வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் நிறைவேறவில்லை. பொதுச்சொல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த "ஆள்" நினைவுக்கு வரும்.

கொழும்பில் தமிழ்ப் பெண்ணாக இருப்பதில் இன்னொரு அடுக்கும் உண்டு. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பல வருடங்கள் அம்மா வேலைக்குப் போகும்போது வீட்டு வாசலிலேயே பொட்டை அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாராம். அப்பாவுக்கு அழிக்க எதுவும் இருக்கவில்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் அப்பாவுக்குப் பெயரில் ஒரு கஷ்டம் இருந்தது. அப்பப்பாவின் பெயர் பொன்னையா. பொன்னும் ஐயாவும் சேர்ந்த, யாழ்ப்பாணத்தில் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருந்த பெயர். சிங்களத்தில் ஏறக்குறைய அதே ஓசையில் ஒரு வசவு இருக்கிறது. பெண்தன்மை உள்ளவன், ஆணாக இருக்கத் தகுதியில்லாதவன் என்று ஒருவனைக் கேவலப்படுத்துகிற சொல். அப்பா முதன்முதலில் சேர்ந்த கந்தோரில் தகப்பன் பெயரோடு அவர் பெயரைக் கூப்பிட்ட அன்று முழு அறையும் சிரித்ததாம். அடுத்த மாதத்தில் இருந்து அப்பா வெறும் "பி" என்ற முதலெழுத்தாகிவிட்டார். எங்கள் வீட்டு மின்சார பில்லில் இன்றைக்கும் அந்த ஒற்றை எழுத்துத்தான்.

அந்தச் சிரிப்பில் இரண்டு விஷயம் இருந்தது. தமிழன் என்பது ஒன்று. பெண்ணைப் போல இருப்பதுதான் ஓர் ஆணுக்கு நேரக்கூடிய மிகப் பெரிய அவமானம் என்பது மற்றது. இந்த இரண்டாவதில் சிங்களமும் தமிழும் நல்ல சிநேகிதர்கள். நாமும் "பொம்பிளை மாதிரி அழாதை" என்றுதானே ஐந்து வயதுப் பையனை அடக்குகிறோம்? கெட்டிக்காரப் பெண்ணைப் பாராட்ட "அவ ஆம்பிளை மாதிரி" என்கிறோம். பஸ்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தில் தமிழில் "தா" பிழைத்து "நா" ஆகி, தாய்மார் நாய்மார் ஆன கதை ஊரெல்லாம் தெரிந்தது. அதைப் பிழை என்று உடனே சொல்ல முடிந்தது, படம் எடுக்க முடிந்தது, செய்தி ஆக்க முடிந்தது. "ஆம்பிளை மாதிரி" என்பதில் ஓர் எழுத்தும் பிழை இல்லை. அதனால் யாரும் படம் எடுப்பதில்லை.

வீட்டுக்குள் வருகிறேன். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடல் பக்க ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. அம்மம்மா எங்களோடு இருந்தார். அந்த வீட்டின் பேச்சில் நான் பிள்ளையாக இருந்து பெட்டையாகி, பிறகு குமர் ஆனேன். குமர் என்ற சொல்லை யாழ்ப்பாணத்து வாயில் கேட்டவர்களுக்குத் தெரியும். "வீட்டில குமர் ஒண்டு இருக்கு." இருக்கிறாள் இல்லை, இருக்கிறா இல்லை, இருக்கு. ஒருத்தி இல்லை, ஒண்டு. பதினெட்டு வயதில் ஒரு பெண் உயர்திணையில் இருந்து இறங்கி, கரை சேர்க்கவேண்டிய ஒரு சாமானாக அஃறிணையில் போய் நிற்கிறாள். கலியாணம் முடிந்த அடுத்த நாள் "அவ" என்று திரும்பி ஏறுகிறாள். கரை சேராவிட்டால், சேர்ந்தும் திரும்பி வந்துவிட்டால், அதற்கும் சொற்கள் இருக்கின்றன. வாழாவெட்டிக்கு ஆண்பால் கிடையாது. விதவைக்கு அகராதியில் ஆண்பால் தேடலாம், வாயில் தேட முடியாது. உலகின் முதல் பெண் பிரதமர் 1960 இல் இந்த நகரத்தில்தான் பதவியேற்றார். சிறிமாவோவை எதிராளிகள் எந்தச் சொல்லால் அடித்தார்கள்? அழுகிற விதவை.

அம்மம்மாவும் குமர் என்ற சொல்லைத் தாராளமாகப் பாவித்தவர்தான். மாதத்தில் மூன்று நாள் துடக்கு என்று என்னைச் சாமியறைப் பக்கம் விடாதவர்தான். அவரைப் பற்றி நான் சொல்லவந்தது வேறு.

மாமாவுக்கு ஒரே பிள்ளை. என்னைவிட ஏழு வயது இளையது. பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள். எனக்கு மச்சாள். இருபத்து நான்காவது வயதில், தன்னை இனிமேல் பெண்ணாகப் பார்க்கவேண்டாம், தான் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை என்று வீட்டில் சொன்னபோது, எல்லோரும் பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். சமூகம், கோயில், சாதகம், மாமியின் பிரஷர். ஆனால் அடுத்த நாள் காலையில் வீட்டில் உண்மையாகவே தடுக்கி விழவைத்தது சின்ன விஷயம். "மாமாட பிள்ளை எழும்பிட்டா..." என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்க யாருக்கும் தெரியவில்லை. என் அம்மா இரண்டு வாரம் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசாமலே சமாளித்தார். வெறுப்பு ஒன்றும் இல்லை. வாக்கியத்தை முடிக்கிற எழுத்து அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மம்மாவுக்கு மட்டும் ஒரு கஷ்டமும் வரவில்லை. "பிள்ளை எழும்பிட்டுதோ? பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?" என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பிள்ளை என்ற சொல்லில் ஆண் பெண் இல்லை. யாழ்ப்பாணத்துப் பாட்டிகளின் வாயில் அன்பு கூடினால் வினையும் அஃறிணைக்கு இறங்கிவிடும். பிள்ளை வந்திட்டுது, பிள்ளை களைச்சுப் போச்சுது. குமரைச் சாமானாக்கிய அதே அஃறிணை, அதே வாயில், அந்த வீட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத இடத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது. அம்மம்மா இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை. எண்பத்து மூன்று வயதில் அவருக்கு வந்த சொல் அது.

அந்த அஃறிணை எல்லா வாயிலும் அப்படி இல்லை. ஒரு மாலை நானும் மாமாவின் பிள்ளையும் காலி வீதியில் ஒரு கடை வாசலில் நின்றோம். பக்கத்தில் நின்ற இருவரில் ஒருவர் நல்ல யாழ்ப்பாணத் தமிழில், எங்களுக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார். "உது என்ன, ஆம்பிளையோ பொம்பிளையோ?" உது. நம்முடைய ஊர்த் தமிழ் மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிற, அதுவுக்கும் இதுவுக்கும் நடுவில் நிற்கிற அந்த அழகான சுட்டு. நான் திரும்பி என்னவோ சொன்னேன், சொன்னது இப்போது நினைவில் இல்லை. வீட்டுக்கு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. படியேறும்போதுதான் சொன்னான். "அம்மம்மா சொல்லுற 'சாப்பிட்டதோ' எனக்கு நோகாது. உது நோகுது. ரெண்டும் ஒரே இலக்கணம்தானே, ஏன் எண்டு தெரியேல்லை."

சொன்னான் என்று எழுதினேன். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நான் ஆரம்பத்தில் மரியாதையாக, கவனமாக, அவர், இவர், வந்தார், போனார் என்றுதான் பேசினேன். எழுத்துத் தமிழின் அந்தப் பொதுச்சொல்லுக்குள் ஒதுங்கிக்கொண்டேன் என்றும் சொல்லலாம். ஒரு மாதம் பொறுத்துவிட்டுக் கேட்டான். "அக்கா, உங்கட தம்பியை அவர் எண்டா சொல்லுவீங்கள்? என்னை அவன் எண்டு சொல்லுங்கோ." துப்புரவு வேலை செய்த அந்த அம்மாவிடம் இருந்து நான் பிடுங்கிய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது ர். இங்கே அதே ர் தூரம் ஆகிவிட்டது. இவனுக்கு வேண்டியிருந்தது மரியாதை இல்லாத ன். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடுகிற பெடியன்கள் ஒருவனை ஒருவன் கூப்பிடுகிற ன்.

உறவுமுறைச் சொல்லை மாற்றியது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அதற்கு இந்த நகரம் உதவியது. மச்சான் என்ற நம்முடைய சொல்லைச் சிங்களவர் எடுத்து மசங் ஆக்கி, இன்றைக்குக் கொழும்பில் யாரும் யாரையும் மச்சான் என்று கூப்பிடுகிறார்கள். பல்கலைக்கழகப் பெண் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே மச்சான் போட்டுப் பேசுவதை பஸ்ஸில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். இருபத்து நான்கு வருடம் மச்சாள் என்று கூப்பிட்ட வாய்க்கு மச்சான் லேசாக வந்துவிட்டது. தொலைபேசியில் பெயரைத் திருத்தியபோது மாற்றவேண்டி இருந்ததும் ஒரே ஓர் எழுத்துத்தான்.

அரசாங்கத்தின் பக்கத்தில் அவ்வளவு லேசு இல்லை. பாலின அங்கீகாரச் சான்றிதழுக்குச் சுகாதார அமைச்சு 2016 இல் வழிசெய்தது. மனநல வைத்தியரின் மதிப்பீட்டுக்குப் பிறகு கிடைக்கிற அந்தச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தலாம். ஆனால் தேசிய அடையாள அட்டையின் எண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? பிறந்த வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கம், அந்த வருடத்தில் நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 ஐக் கூட்டிவிடுவார்கள். பெயரை மாற்றலாம், முடியை வெட்டலாம், குரல் மாறலாம். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பழைய அட்டையை நீட்டினால் மூன்று இலக்கம் முந்திக்கொண்டு பேசும்.

தன்னைச் சொல்லிக்கொள்ள அவனுக்குக் கிடைத்த சொல் தமிழ்நாட்டில் இருந்து வந்தது. திருநம்பி. அதற்கு முன் அவன் காதில் விழுந்ததெல்லாம் ஒன்பது என்ற எண்ணும் அலி என்ற ஏச்சும்தான், அவையும் அவனைப் போன்றவர்களுக்குச் சொன்னவை இல்லை. பெண்ணாகப் பதியப்பட்ட ஓர் ஆணுக்கு எங்கள் வீட்டுத் தமிழில் ஏச்சுக்கூட இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2008 இல் திருநங்கைகளுக்கு அரசு நலவாரியம் அமைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலுக்குப் பிறகு 2022 இல் பாலினம் பற்றிய சொற்களின் தொகுப்பொன்றை அரசிதழிலும் வெளியிட்டார்கள். நான் தொழிலுக்காக அடிக்கடி அந்தப் பக்கத்துச் சொற்களைப் பார்க்கிறவள். ஓரினச்சேர்க்கை என்று பத்திரிகைகள் இருபது வருடமாக எழுதிய இடத்தில் இப்போது தன்பாலீர்ப்பு என்று எழுதுகிறார்கள். சேர்க்கை என்றால் இரண்டு உடம்புதான் கண்ணுக்கு வரும். ஈர்ப்பு என்றால் ஒரு மனிதர் வருகிறார். நான் இப்போதெல்லாம் என் வேலையில் சேர்க்கையை எழுதுவதில்லை. வாடிக்கையாளர் மாற்றச் சொன்னால் ஒரு தடவை விளக்கிப் பார்ப்பேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லவில்லை. மாமா தமிழ் ஆசிரியர், ஓய்வு பெற்றவர். எனக்கு நன்னூல் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். பிள்ளை வீட்டில் சொன்ன நாளில் இருந்து மாமா கத்தவில்லை, துரத்தவில்லை. புதுப் பெயரைச் சொல்லவில்லை, பழைய பெயரையும் சொல்லவில்லை. "சாப்பிட வரட்டாம்" என்பார். "ரீவியைக் குறைக்கட்டாம்" என்பார். தமிழில் இவ்வளவு காலம் ஓர் ஆளைச் சுட்டாமல் பேசமுடியும் என்பதை நான் அவரிடம்தான் கண்டேன்.

ஒருநாள் நன்னூலைத் தேடி எடுத்தேன். அதில் பேடு என்ற சொல்லைப் பற்றி ஒரு சூத்திரம் வருகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவர் பெண்பால் என்று பவணந்தி முனிவர் விதி எழுதியிருக்கிறார். எழுதி எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பதிந்த பாலைப் பார்க்கவில்லை, அவாவுகிறதைப் பார்த்திருக்கிறார். அவாவுதல் என்ற அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார். படித்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது. ஆனால் சூத்திரம் அங்கே முடியவில்லை. இருவரும் அஃறிணையைப் போலவும் ஆவார்கள் என்று கடைசி அடி சொல்கிறது. காலி வீதிக் கடை வாசலில் கேட்ட உதுவும் அந்தக் கடைசி அடியில் இருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றியது. முழுச் சூத்திரத்தையும், கடைசி அடியையும் விடாமல், படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

இந்த வருடம் தையில் அம்மம்மா போய்விட்டார். தமிழில் எழுதுகிறவள் என்று மரண அறிவித்தலை என்னிடம் விட்டார்கள். அந்த வடிவம் எல்லோருக்கும் மனப்பாடம். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இன்னார் அவர்கள் காலமானார். திருமதிக்கு அடுத்து அம்மப்பாவின் பெயர், அதற்குப் பிறகுதான் அம்மம்மாவுடையது. அன்னார், இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும். ஐம்பது வருடம் தையல் மெசின் மிதித்துப் பாதித் தெருவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர், அந்தப் பணத்தில் மாமாவைப் படிப்பித்தவர். அந்த வடிவத்தில் அதைப் போட ஓர் இடமும் இல்லை. "தையற்கலைஞரும்" என்று ஒரு சொல்லை நானே நுழைத்தேன். அன்னார் என்ற சொல்லைத் தட்டும்போது கை கொஞ்சம் நின்றது. ஆணுக்கும் அன்னார், பெண்ணுக்கும் அன்னார். எழுத்தில் மட்டுமில்லை, வானொலியில் வாசித்தாலும் அப்படித்தான்.

பேரப்பிள்ளைகளின் வரிசை வந்தது. மச்சானின் பெயரை எப்படிப் போடுவது? பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு "பேரப்பிள்ளைகளின் அன்புப் பாட்டியும்" என்று பொதுவாகப் போடலாமே என்று அம்மா சொன்னார். அம்மம்மாவின் சொல்தானே, பிள்ளை. எனக்கும் ஒரு நிமிடம் அது சரி என்று பட்டது. பிறகு யோசித்தேன். அம்மம்மா அந்தச் சொல்லால் அவனைப் பக்கத்தில் இருத்தினார். நாங்கள் அதே சொல்லால் அவனை மறைக்கப் பார்க்கிறோம். "எல்லார்ட பேரும் வரட்டும்" என்றேன். அவனுடைய புதுப் பெயரை வயது வரிசைப்படி ஆறாவதாகத் தட்டினேன். தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் போட்டேன். மாமா பார்த்துச் சரி சொன்னால்தான் பத்திரிகைக்குப் போகும் என்றிருந்ததால், இரவு பதினொரு மணிக்கு அவருக்கு அனுப்பினேன்.

விடிய நாலரைக்குத் திரும்பி வந்தது. அச்செடுத்து, சிவப்புப் பேனையால் திருத்தி, படம் பிடித்து அனுப்பியிருந்தார். தையற்கலைஞரைத் தொடவில்லை. ஒரே ஒரு திருத்தம்தான். ஆறாவது பெயரில் அவசரத்தில் நான் ஓர் ஒற்றெழுத்தை விட்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு கூரை போட்டு, மேலே அந்த எழுத்தைப் புள்ளியோடு எழுதியிருந்தார்.